வண்டி வாசல்: சார்ஜ் ஏறாத வண்டிகள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் ஒரே பாகத்தைச் சுற்றித்தான் பாதிக் கேள்விகள். ஆல்டர்னேட்டர். இஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று, கரண்ட் உருவாக்கி பேட்டரியை நிரப்பும் பாகம். பட்டறையில் அந்தப் பெயரைச் சொன்னால் சிலர் ஒரு நொடி யோசிப்பார்கள், 'டைனமோ' என்றால் உடனே புரிந்துவிடும். இரண்டும் ஒன்றா என்று ஒருவர் கேட்டே இருக்கிறார், அதைக் கடைசியில் பார்ப்போம். பிரேக், கிளட்ச் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த இதழில் வருகிறேன்.

இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன் சார். பெட்ரோல் கார், 2014 மாடல், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் 'பேட்டரி போச்சு' என்கிறார். நான் வாங்குவதெல்லாம் மட்டமான பேட்டரியா?
— வாசகர், திண்டுக்கல்

மூன்றும் மட்டமாக வந்து அமைய உங்கள் ஜாதகம் அவ்வளவு மோசமாக இருக்காது. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, அவர் கையில் இருப்பது செத்த பேட்டரிதான். யார் கொன்றது என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது பேட்டரிக்குக் காசு எடுக்கும் முன் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாயில் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்பே பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அப்புறம் ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள், 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்காமல் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

இறங்கினால்? உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் பெல்ட். இப்போது வரும் பெல்ட் பழையவை மாதிரி வெடித்துப் பிளந்து தன் வயதைக் காட்டாது, உள்பக்க வரிகள் தேய்ந்து மழமழப்பாகி, பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே வழுக்கும். அடுத்து வயர். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடிமனான வயரின் நட்டு லூஸாக இருந்தாலும், இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் உற்பத்தியான கரண்ட் பேட்டரிக்கு வந்து சேராது. லைட்டெல்லாம் போட்டு இஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை அந்த நட்டிலும் மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வழியில் இருக்கிறது. பட்டறையில் இதைச் சோதிக்காமலே ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு, மாற்றிய பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்று முழிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். 90,000 கி.மீ. என்கிறீர்கள், அது கார்பன் பிரஷ் தேய்கிற வயதுதான். கரண்டால் காந்தமாகிச் சுழலும் நடுப்பாகமான ரோட்டாருக்குள் அந்தக் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விரல் நகம் அளவுள்ள இரண்டு கார்பன் துண்டுகள். வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உரசிக்கொண்டே இருக்கின்றன, தேயாமல் என்ன செய்யும்?

இப்போது எதிர்ப்பக்கம். இஞ்சின் ஓடும்போது மீட்டர் 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி பேட்டரி உள்ளேயே கொதிக்கும். அடிக்கடி தண்ணீர் குறையும், பானட்டைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வரும், பல்புகள் காரணமில்லாமல் ஃபியூஸ் போகும். இதில் ஏதாவது நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள், மூன்று பேட்டரியைத் தின்ற பேய் அதுவாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது சாத்தியம்தான் பலருக்கும் தெரியாதது. ஆல்டர்னேட்டர் உருவாக்குவது ஏசி கரண்ட் (குளிர்விக்கும் ஏசி இல்லை, திசை மாறி மாறி ஓடும் கரண்ட்), அதை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்க உள்ளே ஒரு டயோடு பிளேட் இருக்கிறது. டயோடு என்பது ஒருவழிக் கதவு. அதில் ஒன்று கெட்டால் பகலில் சார்ஜ் குறைவாக ஏறும், ராத்திரி வண்டி நிற்கும்போது அதே கதவு வழியாக பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கிக் கசியும். காலையில் செல்ஃப் எடுக்காது. கண்டுபிடிக்க மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுதான். ஒன்று, சில மலிவான மீட்டர்கள் ஏசியில் வைத்தால் 28, 30 என்று பயமுறுத்தும். அது மீட்டரின் கோளாறு, வண்டிமேல் பழி போடாதீர்கள். ரேடியோ வைத்திருந்தால் இன்னும் சுலபம்: ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே போனால் டயோடைச் சந்தேகப்படலாம்.

மூன்றும் இல்லையென்றால் உங்கள் ஓட்டத்தைச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட் என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் செல்ஃப் எடுத்த கரண்ட்கூடத் திரும்ப ஏறாது, அதற்கு எந்த ஆல்டர்னேட்டரும் பொறுப்பில்லை.

(புது மாடல் வண்டிக்காரர்களுக்கு: பேட்டரி நெகட்டிவில் சென்சார் வைத்த வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். சில நேரம் 12.8, சில நேரம் 14.8 காட்டுவது அங்கே இயல்பு.)

ராத்திரி பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டும்போது டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது என்பதால் விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஹெட்லைட் மங்கி, வண்டி நின்றேவிட்டது. மனைவி, பிள்ளைகளோடு நடுரோட்டில் நின்றோம். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகர், பெரம்பலூர்

அந்த விளக்கு 'பேட்டரி கெட்டுப்போச்சு' என்று சொல்லவில்லை. 'சார்ஜ் வருவது நின்றுவிட்டது, இனி பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறாய்' என்கிறது. கணக்கு எளிது. ஹெட்லைட் ஜோடி சுமார் 10 ஆம்பியர், பெட்ரோல் பம்ப்பும் இக்னிஷனும் இன்ஜெக்டரும் சேர்ந்து இன்னொரு 10, ஏசி போட்டிருந்தால் உள்ளே ப்ளோயர், முன்னால் ஃபேன், கம்ப்ரசர் கிளட்ச் என்று 20-க்கு மேல். சின்ன காரில் இருப்பது 35 ஏ.ஹெச். பேட்டரி, கணக்குப்படி 35 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குத்தான். முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

விளக்கு எரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதை இல்லை, பக்கத்தில் இருக்கும் டெம்பரேச்சரை. நிறைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடத்தில் இஞ்சின் சூடேறும், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் என்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். சூட்டில் ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் தலைப்பாகத்தை அடைக்கும் தகடு) போனால் ஆகும் செலவுக்கு முன்னால் ஆல்டர்னேட்டர் செலவெல்லாம் டீக்காசு.

டெம்பரேச்சர் ஏறவில்லை, விளக்கு மட்டும்தான் என்றால் ஏசி, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கத்து ஊரைப் பார்த்து விடுங்கள். இடையில் இஞ்சினை அணைக்காதீர்கள், திரும்ப எடுக்காது. ஹெட்லைட்டை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், ராத்திரி ஹைவேயில் அது தற்கொலை. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் வோல்டேஜ் இறங்க இறங்க ஸ்டியரிங் திடீரென்று கனக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள்.

இன்னொன்று, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும் முன் அந்த விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. பழைய வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு ஆரம்பக் கரண்டே போகிறது, பல்பு போனால் சார்ஜும் தொடங்காமல் போகலாம்.

அண்ணே, எங்க ஊர் எலக்ட்ரீஷியன் வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுகிறார். இஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லா இருக்கு, நின்றால் போச்சு என்கிறார். இது சரியான டெஸ்டா?
— ஐ.டி.ஐ. மாணவர், கோவில்பட்டி

தம்பி, அவர் யாரிடம் தொழில் படித்தாரோ அந்தக் காலத்து அம்பாசடருக்கு அது சரி. உன் வயது வண்டிக்குச் செய்யாதே.

ஓடுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதுவரை பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இருக்காது. ரெகுலேட்டர் சுதாரித்து அடக்குவதற்குள் வோல்டேஜ் பல மடங்கு எகிறிவிடும், கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் டயோடு போகலாம், ரெகுலேட்டர் போகலாம், ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஈ.சி.யு.வே (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதித்தே சாகடிப்பது என்பது இதுதான்.

ஆல்டர்னேட்டர் சாவில் பாதி இப்படி மனிதக் கையால் நடப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். நான் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரின் காருக்கு ஜம்ப் கேபிள் போடும்போது பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு புகை வாடை. டயோடு மொத்தமும் போச்சு. என் ஒரு மாதச் சம்பளமும் போச்சு. அதேபோல டிங்கரிங் பட்டறையில் பேட்டரி வயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை நேராக ஆல்டர்னேட்டர் ஓட்டைக்குள் அடிப்பது, எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அதிகம் பேர் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. முழுக்கச் செத்த பேட்டரியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, 'ஓட ஓட சார்ஜ் ஏறிக்கும்' என்று கிளம்பிவிடுவது. ஆல்டர்னேட்டர் என்பது பேட்டரி செலவழித்ததைத் திருப்பி நிரப்பி, ஓடும் வண்டியின் லோடை, அதாவது லைட், ஏசி எல்லாம் கேட்கும் கரண்டைச் சுமக்க வந்தது, பட்டறை சார்ஜர் இல்லை. காலி பேட்டரியை நிரப்ப அது முழு மூச்சில் மணிக்கணக்காக உழைக்க வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில், ஏசி போட்டு, டிராஃபிக்கில் காற்றோட்டமில்லாமல். உள்ளே சூடு ஏறி முதலில் டயோடும் அப்புறம் ரோட்டாரைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயிலும் (கம்பிச் சுருள்) கருகும். பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் போட்டுவிட்டு மாட்டுவதுதான் முறை.

உனக்கு உபயோகமான டெஸ்ட் ஒன்று சொல்கிறேன். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே கொண்டுபோ. பழைய மாடல்களில் காந்தம் மாதிரி இழுத்தால் ரோட்டாருக்குக் கரண்ட் போகிறது, பிரஷ்ஷும் ரோட்டார் காயிலும் தேவலை. இழுக்கவில்லை என்றால் பிரஷ், ரெகுலேட்டர், வயர் இந்த மூன்றில் தேடு. எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார், சிரிக்காதே, நிறைய வண்டியில் பதில் அதுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் கார் வேளச்சேரியில் பம்பர் வரை தண்ணீரில் நின்றது. சர்வீஸ் செய்து ஓட்டினேன், பிரச்சினை இல்லை. சில மாதம் கழித்து 'ஊஊ' என்று ஒரு இரைச்சல், சூடானால் சார்ஜ் விளக்கு மினுக்கு மினுக்கு என்கிறது. அவ்வளவு நாள் கழித்துமா வரும்?
— வாசகி, சென்னை

வரும் மேடம், பெரும்பாலும் அப்படித்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அடுத்த கோடை வரை எங்களுக்கு இந்த வேலை ஓயவில்லை. ஆல்டர்னேட்டர் காற்றில்தான் குளிர வேண்டும், அதனால் அதன் உடம்பெல்லாம் ஓட்டை, மூடி அடைக்க முடியாது. பல வண்டிகளில் இஞ்சினின் கீழ்ப்பக்கமாகத் தொங்குகிறது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் வடிந்துவிட்டாலும் வண்டல் தங்கிவிடும். பேரிங்கில் இருக்கும் கிரீஸ் கரைந்து போகும், பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் பாசி பிடித்த மாதிரி ஒரு படலம் வரும், பிரஷ் தன் கூட்டுக்குள்ளேயே இறுகி நிற்கும். விளக்கு மினுக்குவதற்குக் காரணம் இந்த இறுகிய பிரஷ்ஷாக இருக்கலாம். பழைய மெக்கானிக்குகள் ஸ்பேனர் பிடியால் ஆல்டர்னேட்டரின் முதுகில் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள், தட்டியதும் விளக்கு அணைந்தால் நோய் தெரிந்துவிட்டது. வைத்தியம் அது இல்லை, தட்டியே வருடத்தை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இரைச்சலுக்குத் தனியாக ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் சுற்றட்டும். கரகரவென்று மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் பேரிங். ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, இஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது இது இரண்டரை, மூன்று சுற்று சுற்றும். அந்த வேகத்தில் ஒரு துளி மணல் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பேரிங் முழுசாக உடைந்தால் ரோட்டார் போய் ஸ்டேட்டரில் உரசும், அப்புறம் முழு ஆல்டர்னேட்டரும் பழைய இரும்புக் கடைக்குத்தான். இப்போதே கழற்றி பேரிங், பிரஷ், ஸ்லிப் ரிங் பார்த்துவிட்டால் சின்னச் செலவு.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடலோரமாக ஓட்டுபவர்களுக்கும் இதே கதை, வெள்ளம் வராமலே உப்புக்காற்று இந்த வேலையை மெதுவாகச் செய்யும்.

பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் இரண்டு முறை கார்பன் மாற்றியாகிவிட்டது. மாற்றிய மூன்று மாதத்தில் மறுபடியும் சார்ஜ் இல்லை. இப்போது பிரேக்கும் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அது வேறு செலவு.
— விவசாயி, தேனி

அது வேறு செலவு இல்லை ஐயா, ஒரே செலவுதான். டீசல் இஞ்சினில், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) தானாகக் கிடைக்காது, அதற்கென்று ஒரு பம்ப் வேண்டும். பல பழைய டீசல் வண்டிகளில் அந்த வேக்குவம் பம்பை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே மாட்டியிருப்பார்கள், அதற்கு இஞ்சின் ஆயில் தனிக் குழாயில் வரும். இடையில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து, கார்பன் தூளோடு கலந்து களியாகிவிடும். புது கார்பனும் அந்தக் களியில்தான் உட்காருகிறது, பிறகு எங்கே மூன்று மாதம் தாண்டும்? சீல், பம்ப், ஆயில் குழாய் மூன்றையும் பாருங்கள், பிரேக்குக்கும் அங்கேயே பதில் கிடைக்கலாம். அதுவரை மலைப்பாதையில் இறக்க வேண்டாம். இந்த மாதிரி வண்டியில் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் பிரேக் உதவியும் சேர்ந்து போய்விடும்.

காயில் எரிந்துவிட்டது என்கிறார்கள். ரீவைண்டிங் (கம்பியை மறுபடி சுற்றுவது) செய்யலாமா, புதுசு வாங்கலாமா? போன வருடம்தான் பெரிய ஆம்ப்ளிஃபயரும் 100 வாட் பல்பும் போட்டேன்.
— வாசகர், ஈரோடு

கேள்வியிலேயே பதிலும் எழுதிவிட்டீர்கள். கம்பெனி கொடுத்த ஹெட்லைட் பல்பு 60/55 வாட், நீங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போட்டு, மேலே ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றியிருக்கிறீர்கள். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் பாதியைக்கூடத் தராது, சிக்னலில் பாட்டை அலறவிட்டு நின்றால் எங்கிருந்து வரும்? லோடைக் குறைக்காமல் எதை மாட்டினாலும் திரும்ப எரியும்.

பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மட்டும் என்றால் தாராளமாகச் சரிசெய்து ஓட்டலாம். காயில் கருகி வார்னிஷ் வாடை வருகிற அளவுக்குப் போன பிறகு, ரீவைண்டிங் நல்ல கைக்காரரிடம் என்றால் மட்டும், இல்லையேல் புதுசு. எதுவானாலும் மாட்டிய பிறகு எல்லா லோடும் போட்டு உங்கள் கண் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழசை வாங்கிக்கொள்ளுங்கள். ரீகண்டிஷன் என்ற பெயரில் வெள்ளி பெயின்ட் மட்டும் அடித்து வருவதும் உண்டு.

டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒன்றுதானே? எலக்ட்ரிக் காரில் எது இருக்கும்?
— வாசகர், காரைக்குடி

ஒன்றில்லை. டைனமோவில் நடுவில் சுழலும் ஆர்மேச்சரிலிருந்தே நேராக டிசி எடுப்பார்கள், மெதுவாக ஓடினால் சார்ஜே இருக்காது. ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தம், கரண்ட் எடுப்பது வெளியே அசையாமல் இருக்கும் காயிலில், அதனால் ஐடிலிங்கிலும் ஓரளவு சார்ஜ் கிடைக்கும். 1960-இல் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் அதைப் போட்ட பிறகு மற்றவர்களும் மாறினார்கள். நம் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் ஆல்டர்னேட்டர் செய்கிறார்கள், ஆனாலும் பட்டறையில் பெயர் டைனமோதான், மாறாது.

எலக்ட்ரிக் காரில் இரண்டுமே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து கரண்டை இறக்கி, லைட்டுக்கும் லாக்குக்கும் வேண்டிய 12 வோல்ட் சின்ன பேட்டரியை நிரப்ப டிசி கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தச் சின்ன பேட்டரி செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கிளம்பாது, போன வாரம்தான் ஒருவர் அதற்காக என்னைக் கூப்பிட்டார்.